அழைப்பவர் எண்ணும் அதன் நம்பகமும்

தொலைபேசியின் தொடக்க ஆண்டுகளில், மணி ஒலிக்கும்போது மறுமுனையில் இருப்பவர் யார் என்பதை அறிந்த ஒருவர் எப்போதும் இடையில் இருந்தார். 1878இல் அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் முதல் வணிக இணைப்பகம் திறக்கப்பட்டது முதல், சந்தாதாரர்களின் கம்பிகள் அனைத்தும் ஒரே பலகையில் வந்து முடிய, ஒருவருடைய கம்பியை இன்னொருவருடைய கம்பியோடு கையால் சேர்த்துவைத்த ஆபரேட்டரே அந்த இடையாள். சென்னையில் 1882இல் எர்ரபாலு செட்டித் தெருவில் ஓரியண்டல் தொலைபேசிக் கம்பெனியின் இணைப்பகம் 17 இணைப்புகளோடு இயங்கத் தொடங்கியபோது, அழைப்பு எந்தக் கம்பியிலிருந்து வருகிறது என்பது பலகையின் முன் அமர்ந்தவருக்குக் கண்ணெதிரே தெரிந்த செய்தி. பிற்காலத்தில் வெளியூர்களுக்குப் பதிவுசெய்து பேசிய ட்ரங்க் காலிலும் இந்த நிலை நீடித்தது. எந்த ஊரிலிருந்து அழைப்பு வருகிறது என்பதை ஆபரேட்டர் சொன்ன பிறகே பேச்சு தொடங்கியது.

இந்த இடையாளை அகற்றிய கருவி, அவர்மேல் எழுந்த ஐயத்திலிருந்தே பிறந்ததாகச் சொல்லப்படுகிறது. கன்சாஸ் சிட்டியில் ஈமச்சடங்குத் தொழில் நடத்திய ஆல்மன் ஸ்ட்ரௌஜர், தமக்கு வரவேண்டிய அழைப்புகளை ஆபரேட்டர் போட்டியாளருக்குத் திருப்பிவிடுவதாக நம்பி, சந்தாதாரரே எண்ணைத் தேர்ந்து இணைத்துக்கொள்ளும் தானியங்கி முறையை உருவாக்கி, 1891இல் காப்புரிமை பெற்றார். அடுத்த ஆண்டே இண்டியானாவின் லா போர்ட் நகரில் அது பயன்பாட்டுக்கு வந்தது. இந்தியாவில் முதல் தானியங்கி இணைப்பகம் 1913-14இல் சிம்லாவில் அமைந்தது; ஆபரேட்டரின் துணையின்றி வெளியூருக்கு நேரடியாகச் சுழற்றிப் பேசும் எஸ்.டி.டி. வசதி 1960இல் கான்பூருக்கும் லக்னோவுக்கும் இடையே தொடங்கியது. விரைவும் அந்தரங்கமும் கூடின என்பது உண்மை. ஆனால் அழைப்பவரை அறிந்திருந்த ஒரே சாட்சி இல்லாமற்போனார் என்பதும் அதே அளவு உண்மை. மிரட்டல் அழைப்பு ஒன்றின் மூலத்தைக் கண்டறிய, இணைப்பு துண்டிக்கப்படாமல் இருக்கும்போதே தொழில்நுட்பப் பணியாளர் இணைப்பகத்தின் அடுக்குகளுக்குள் சென்று, ஒவ்வொரு சுவிட்சாகப் பின்னோக்கித் தொடர்ந்து போக வேண்டியிருந்தது.

இழந்த தகவலை எந்திரத்தின் வழியாகவே மீட்கும் முயற்சி 1970களில் வேகம் பெற்றது. கிரேக்கப் பொறியாளர் தியடோர் பரஸ்கேவகோஸ் அழைப்பவரின் எண்ணைக் கம்பி வழியாக அனுப்பும் முறையையும், ஜப்பானியரான கசுவோ ஹஷிமோட்டோ அதைத் திரையில் காட்டும் கருவியையும் உருவாக்கினர். நியூ ஜெர்சி மாநிலத்தில் 1987இல் இது காலர் ஐடி என்ற பெயரில் சந்தாதாரர்களுக்கு வழங்கப்பட்டது. முதல் மணியோசைக்கும் இரண்டாவது மணியோசைக்கும் இடையிலான சில விநாடி மௌனத்தில், இணைப்பகம் அழைப்பவரின் எண்ணை ஒலிக்குறிகளாக அனுப்ப, வீட்டிலிருந்த சிறிய பெட்டி அதைப் படித்துக் காட்டியது. அன்று எழுந்த எதிர்ப்பு இன்று வியப்பூட்டக்கூடும்: கணவனின் கொடுமைக்கு அஞ்சி அடைக்கலம் புகுந்த பெண் தன் பிள்ளைகளோடு பேச அழைத்தால் அவள் இருக்குமிடம் வெளிப்பட்டுவிடும் என்று எதிர்த்தவர்கள் வாதிட்டனர். பென்சில்வேனிய நீதிமன்றம் ஒன்று 1990இல் இச்சேவை அம்மாநிலத்தின் ஒட்டுக்கேட்புத் தடைச் சட்டத்துக்கு முரணானது என்றே தீர்ப்பளித்தது. எண்ணை மறைத்துக்கொள்ளும் உரிமையோடு பின்னர் சேவை பரவியது. ஆனால் அந்த விவாதங்களின் மையம் எண்ணைக் காட்டலாமா என்பதே. காட்டப்படும் எண் உண்மையானதா என்ற கேள்வி பின்னால் தள்ளப்பட்டது, பிற்காலத்துக்குப் பெருங்கேடாக முடிந்த புறக்கணிப்பு அது.

அந்தக் கேட்டுக்குக் காரணம் வலையமைப்பின் கட்டுமானத்தில் இருந்தது. குரல் செல்லும் பாதைக்குப் புறம்பாக, இணைப்பகங்கள் தமக்குள் செய்தி பரிமாறிக்கொள்ளும் தனிப்பாதை ஒன்று 1980களிலிருந்து உலகெங்கும் பரவியது. அழைப்பவரின் எண் அதில்தான் பயணம் செய்கிறது. தொடக்க இணைப்பகம் எந்த எண்ணைச் சொல்கிறதோ அதையே மற்ற இணைப்பகங்கள் ஏற்றுக் கடத்தின. சில பெரிய நிறுவனங்களும் அரசுத் துறைகளும் மட்டுமே வலையமைப்பை நடத்திய காலத்தில் அந்த நம்பிக்கைக்கு நியாயம் இருந்தது. நூற்றுக்கணக்கான உள்ளிணைப்புகள் கொண்ட ஓர் அலுவலகம், எந்த மேசையிலிருந்து அழைத்தாலும் தன் பொது எண்ணே தெரியவேண்டும் என்று விரும்பியதும் முறையான தேவையே. அதற்காக எண்ணை வாடிக்கையாளரே குறிப்பிட இடம் தரப்பட்டது. இணையவழி அழைப்பு மலிந்த 2000களில், ஒரு கணினியும் ஏமாற்றும் எண்ணமும் உள்ள எவருக்கும் அந்த இடம் திறந்துகிடந்தது. வங்கியின் எண்ணையோ காவல் நிலையத்தின் எண்ணையோ தன் எண்ணாகக் காட்டி அழைப்பதே எண் போலியாக்கம் எனப்படுவது.

ஏமாற்றும் நோக்கில் எண்ணைப் போலியாக்குவதை அமெரிக்கா 2010இல் சட்டத்தால் தடுத்தது. அழைப்பு தொடங்கும் தொலைபேசி நிறுவனம் ஒவ்வொரு அழைப்புக்கும் மின்னணுக் கையொப்பம் இட்டு, வாடிக்கையாளரையும் அவர் அந்த எண்ணைப் பயன்படுத்தும் உரிமையையும் தான் எந்த அளவுக்கு அறிந்திருக்கிறது எனச் சான்றளிக்கும் முறையை, பெரிய நிறுவனங்கள் 2021 ஜூன் 30க்குள் தம் இணையவழி வலையமைப்புகளில் நிறுவ வேண்டும் என்றும் விதித்தது. பழைய வகை இணைப்பகம் ஒன்று வழியில் குறுக்கிட்டால் கையொப்பம் அங்கேயே உதிர்ந்துவிடும் என்பது அதன் குறை.

இந்தியாவில் சிக்கல் வேறு உருவம் கொண்டது. 1995இல் கைப்பேசி வந்தபோதே எண் திரையில் தெரிந்தது, பெயர் தெரியவில்லை. அந்த வெற்றிடத்தை 2009இல் சுவீடனில் தொடங்கிய ட்ரூகாலர் நிரப்பியது. பயனாளர்கள் தரும் தகவல்களைத் திரட்டிப் பெயர் காட்டும் செயலி என்பதால், அது பெரும்பாலும் ஊர் சொல்லும் பெயரைக் காட்டுமேயன்றி, சரிபார்த்த பெயரைக் காட்டுவதில்லை. சிம் வாங்கும்போது தரும் ஆவணத்தில் உள்ள பெயரையே வலையமைப்பு காட்டவேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024 பிப்ரவரியில் பரிந்துரைத்தது; பிறர் பெயரில் வாங்கிய சிம்மை அதுவும் காட்டிக்கொடுக்காது. வெளிநாட்டிலிருந்து இந்திய எண்ணைப் போர்த்திக்கொண்டு நுழையும் அழைப்புகளைத் தடுக்கும் அமைப்பு 2024 அக்டோபரில் இயங்கத் தொடங்கியபோது, முதல் 24 மணி நேரத்தில் ஏறக்குறைய 1.35 கோடி அழைப்புகள் நிறுத்தப்பட்டதாக அரசு அறிவித்தது. காணொளியில் போலிக் காவல் அதிகாரியாகத் தோன்றி, முதியவர்களை மணிக்கணக்கில் மிரட்டிச் சேமிப்பைப் பறிக்கும் டிஜிட்டல் கைது மோசடி பெருகிய காலமும் இதுவே. அப்படியொரு கைது எந்த இந்தியச் சட்டத்திலும் இல்லை.

வரும் அழைப்பில் தெரியும் எண் தொலைவிலுள்ள ஒரு நிறுவனத்தின் கூற்று மட்டுமே. ஆனால் ஒருவர் தாமே சுழற்றும் எண்ணை, அந்த எண்ணுக்கு உரியவரிடம் கொண்டுசேர்ப்பது வலையமைப்பின் வேலை. வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்பவரின் இணைப்பைத் துண்டித்து, அட்டையின் பின்புறம் அச்சிட்ட எண்ணைத் தாமே அழைப்பது பயனளிப்பது இதனால்தான். பிரிட்டனில் அழைத்தவர் ரிசீவரை வைக்காதவரை தரைவழி இணைப்பு சிறிது நேரம் அறுபடாதிருந்ததைப் பயன்படுத்தி, மோசடிக்காரர்கள் போலி டயல் ஒலியை ஒலிக்கவிட்டு வங்கியைத் திரும்ப அழைத்தவர்களையும் ஏமாற்றியதால், முடிந்தால் வேறொரு தொலைபேசியிலிருந்து அழைப்பது நல்லது. பணம் போய்விட்டதென்று தெரிந்த உடனே 1930 என்ற தேசிய சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும். புகார் எவ்வளவு விரைவாகப் போகிறதோ, அந்தப் பணத்தை வழியிலேயே முடக்கிவைக்க வங்கிகளுக்கு அவ்வளவு வாய்ப்பு உண்டு.