திரைக்குப் பின்னால் ஒரு பள்ளிக்கூடம்



தோட்டத்து மாரியம்மன் திருவிழா என்றால் ஒரு காலத்தில் நாடகமும் சேர்ந்தே நினைவுக்கு வரும். வள்ளி திருமணம், பவளக்கொடி, நல்லதங்காள் என்று ஏதாவது ஒன்று விடிய விடிய நடக்கும். மறுநாள் காலைப் பெரட்டில் ராஜபார்ட்டின் பாட்டைப் பற்றியும் பபூனின் வேடிக்கையைப் பற்றியுமே பேச்சாக இருக்கும். அந்தப் பாட்டை எழுதியவர் யார், அதை நடிகனுக்குச் சொல்லிக் கொடுத்தவர் யார் என்று கேட்டவர்கள் மிகச் சிலரே. இன்று அந்தத் திரையைச் சற்று விலக்கிப் பின்னால் என்ன நடந்தது என்று பார்ப்போம்.

முதலில் திரையைப் பற்றியே சொல்லிவிடுகிறேன். தெருக்கூத்தில் இரண்டு பேர் பிடித்துக் கொள்ளும் ஒரு துணிதான் திரை. வண்ணம் தீட்டிய பெரிய திரைகளை 19 ஆம் நூற்றாண்டில் ஊர் ஊராகக் கொண்டு சென்றவர்கள் பம்பாய்ப் பக்கத்துப் பார்சி நாடகக் கம்பெனியார். அரண்மனை, நந்தவனம், காடு, தெரு என்று ஒவ்வொரு காட்சிக்கும் ஒரு திரை. தமிழ் நாடக மேடை அவர்களைப் பார்த்து மாறியது. நம் நாட்டில் பினாங்கில் தோன்றிய மலாய் பங்சாவான் நாடகமும் அதே பார்சி நாடகத்தின் வழியில் வந்ததுதான். ஆகவே வள்ளி திருமணமும் பங்சாவானும் ஒரு வகையில் உறவுக்காரர்கள்.

இரண்டுக்கும் ஒரே தொல்லை இருந்தது. காட்டை நீக்கி அரண்மனையை அமைக்க நேரம் வேண்டும். அதுவரை சபையோர் சும்மா உட்கார்ந்திருப்பார்களா? தமிழ் நாடகத்தில் தெருத் திரையை முன்னே இறக்கிவிட்டுப் பபூனை அனுப்பினார்கள். அவர் சிரிக்க வைத்துக் கொண்டிருக்கும்போதே பின்னால் ஆட்கள் சத்தமில்லாமல் சிம்மாசனத்தை நகர்த்தி வைப்பார்கள். பங்சாவானில் அந்த இடைவேளையில் ஆட்டமும் பாட்டும் நடந்தன. அதற்கு 'எக்ஸ்ட்ரா டர்ன்' என்று பெயர். நாம் வேடிக்கை என்று நினைத்துப் பார்த்தது, பின்னால் உழைத்தவர்களுக்கு நேரம் தேடிக் கொடுத்த வழி.

இவர்களோடு, அரிதாரம் பூசிவிடுபவர் உண்டு. விளக்கைக் கவனிப்பவர் உண்டு. நடிகனின் குரலுக்கு ஏற்பச் சுருதி கொடுத்துப் பின்பாட்டும் பாடும் ஆர்மோனியக்காரர் உண்டு. இவர்கள் எல்லோருக்கும் மேலே ஒருவர் இருந்தார். அவரை 'வாத்தியார்' என்று அழைத்தார்கள். நாடகத்தை எழுதி, பாட்டுக்கு மெட்டமைத்து, நடிப்பையும் கற்பித்தவர் அவரே.

அத்தகைய வாத்தியார்களில் தலையாயவர் சங்கரதாஸ் சுவாமிகள். 1867 ஆம் ஆண்டில் தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தார். பழனி தண்டபாணி சுவாமிகளிடம் தமிழ் கற்றார். தொடக்கத்தில் மேடையேறி இரணியன், எமதருமன், சனீசுவரன் முதலிய வேடங்களில் நடித்தார். பின்னர் நடிப்பதை விட்டுவிட்டு எழுதுவதிலும் பயிற்றுவிப்பதிலும் முழுமையாக ஈடுபட்டார். நாற்பதுக்கு மேற்பட்ட நாடகங்களை எழுதினார். நான் மேலே சொன்ன வள்ளி திருமணமும் பவளக்கொடியும் அவர் எழுதியவையே.

அவர் செய்த வேலையின் அருமையை 'ஸ்பெஷல் நாடகம்' என்ற முறையில் காணலாம். இதில் ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார். ஸ்திரீபார்ட் வேறோர் ஊரிலிருந்து வருவார். ஆர்மோனியக்காரர் மூன்றாவது ஊர். மாலையில்தான் சந்திப்பார்கள். ஒத்திகை கிடையாது. இருந்தாலும் இரவு பத்து மணிக்குத் தொடங்கி விடியும்வரை தடையில்லாமல் நடத்திவிடுவார்கள். நாரதருக்கும் வள்ளிக்கும் நடக்கும் தர்க்கத்தில் ஒருவரை ஒருவர் மடக்குவார்கள். எப்படி முடிந்தது? எல்லோரும் ஒரே வாத்தியாரின் பாடத்தைப் படித்தவர்கள். எந்தப் பாட்டுக்குப் பின் எந்தப் பாட்டு என்பது எல்லோருக்கும் தெரியும். இன்றும் ஸ்பெஷல் நாடகக் கலைஞர்கள் சுவாமிகளைக் குருவாக வணங்குகிறார்கள்.

ஆனாலும் பெரியவர்களைக் கொண்டு நாடகம் நடத்துவதில் ஒழுங்கு குறைந்தது. நேரத்துக்கு வராதவர்களும், பாடத்தை மீறித் தம் விருப்பப்படி பேசுபவர்களும் இருந்தார்கள். ஆகவே சிறுவர்களை மட்டும் சேர்த்து நடத்தும் பாலர் கம்பெனிகள் தோன்றின. 1918 ஆம் ஆண்டில் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை தொடங்கப்பட்டது. சுவாமிகள் அதன் ஆசிரியரானார். அங்கே சேர்ந்த பிள்ளைகளில் ஒருவர்தான் பின்னாளில் ஔவை சண்முகம் என்று புகழ்பெற்ற டி. கே. சண்முகம். அப்போது அவருக்கு வயது ஆறு.

பிள்ளைகள் கம்பெனி வீட்டிலேயே தங்கினார்கள். பகலில் பாடம், இரவில் மேடை. எழுத்து அறியாத பிள்ளைக்கு வாத்தியார் வரி வரியாகச் சொல்லிக் கொடுப்பார். பிள்ளை கேட்டுக் கேட்டே மனப்பாடம் செய்யும். ஒரே இரவில் அபிமன்யு சுந்தரி நாடகம் முழுவதையும் சுவாமிகள் எழுதி முடித்ததைச் சண்முகம் தமது 'எனது நாடக வாழ்க்கை' என்ற நூலில் வியந்து எழுதியிருக்கிறார். கடைசிக் காலத்தில் சுவாமிகளைப் பக்கவாதம் தாக்கியது, பேச்சும் போயிற்று. அந்த நிலையிலும் கம்பெனியோடுதான் இருந்தார். 1922 ஆம் ஆண்டில் புதுச்சேரியில் காலமானார்.

நேயர்களே, இந்தப் பள்ளிக்கூடத்தின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். அந்தப் பிள்ளைகளில் பலர் கலை ஆசையால் மட்டும் வந்தவர்கள் அல்லர். வீட்டில் சோறு இல்லாமல் வந்தவர்கள் ஏராளம். பின்னாளில் தமிழகத்தின் முதலமைச்சரான எம். ஜி. ஆர். சிறுவயதில் தம் அண்ணனோடு மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் சேர்ந்தது குடும்ப வறுமையால்தான். கண்டிப்பு கடுமை, அடியும் உண்டு. எல்லாவற்றிலும் பெரிய பயம் 'மகரக்கட்டு'. வயது வரும்போது ஆண்பிள்ளைகளின் குரல் உடைவதைத்தான் அப்படிச் சொன்னார்கள். ஒலிபெருக்கி இல்லாத அந்த நாளில் குரல்தான் மூலதனம். அது உடைந்தால் கதாநாயகனாக இருந்த பிள்ளை ஒரே நாளில் சேவகன் வேடத்துக்கு இறங்குவான், அல்லது வீட்டுக்கு அனுப்பப்படுவான். பள்ளியில் படித்த படிப்பும் இருக்காது. வேறு தொழிலும் தெரியாது. மேடையில் வெளிச்சம் கண்டவர்களின் பெயர் நமக்குத் தெரிகிறது. குரல் உடைந்து திரும்பிப் போன பிள்ளைகளின் பெயர் எந்த நூலிலும் இல்லை.

சண்முகமும் அவருடைய சகோதரர்களும் இந்த வாழ்க்கையை உள்ளிருந்தே பார்த்தவர்கள். 1925 ஆம் ஆண்டில் அவர்கள் சொந்தமாக ஒரு சபையைத் தொடங்கினார்கள். டி. கே. எஸ். சகோதரர்கள் என்ற பெயர் தமிழ் நாடக உலகில் ஒழுங்குக்கும் கண்ணியத்துக்கும் அடையாளமாயிற்று. வாத்தியார் கற்பித்தது வீண்போகவில்லை. சண்முகம் தம் ஆசிரியரைத் தமிழ் நாடக உலகின் தலைமையாசிரியர் என்று போற்றினார். அது பொருத்தமான பட்டம். பள்ளி கிடைக்காத பிள்ளைகளுக்கு அவர் தமிழைப் பாட்டாகக் கொடுத்தார். அதே வேளையில், எந்தப் பிள்ளையும் தன் பசிக்காகப் பள்ளியை விட்டு மேடைக்குப் போக வேண்டிய நிலை மறுபடியும் வரக் கூடாது என்பதையும் அந்த வரலாறே நமக்குச் சொல்கிறது.

உங்கள் ஊர்க் கோயிலிலோ பள்ளியிலோ நாடகம் நடந்தால் பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். முடிந்ததும் ராஜாவை மட்டும் பாராட்டிவிட்டு வந்துவிடாதீர்கள். திரைக்குப் பின்னால் கயிறு இழுத்த பையன் நிற்பான். மறந்த வசனத்தை மெல்ல எடுத்துக் கொடுத்த பெண் நிற்பாள். ஒரு மாதம் பாடம் சொல்லிக் கொடுத்தவரும் அங்கே நிற்பார். அவர்களையும் ஒரு வார்த்தை பாராட்டிவிட்டு வாருங்கள்.