ஒரே கணக்கு, பல கையொப்பங்கள்

1956ஆம் ஆண்டின் நிறுவனச் சட்டம், துணை நிறுவனங்களின் கணக்குகளைத் தாய் நிறுவனத்தின் இருப்புநிலைக் குறிப்போடு இணைக்கப் பணித்தது. ஒன்றாகத் திரட்டச் சொல்லவில்லை. திரட்டும் முறையை 2001இல் கணக்கியல் தரநிலை 21 வகுத்தது. 2013ஆம் ஆண்டுச் சட்டம் அதைப் பொதுக் கடமையாக்கியது.

கணக்கு ஒன்றாயிற்று, பொறுப்பு ஒன்றாகவில்லை. தணிக்கைத் தரநிலை 600இன்படி, துணை நிறுவனங்களைப் பிறர் தணிக்கை செய்திருப்பின், அவர்கள் அறிக்கையைச் சார்ந்தே முதன்மைத் தணிக்கையாளர் கையொப்பமிடலாம். பன்னாட்டுத் தரநிலையோ முழுப் பொறுப்பையும் அவர்மீதே வைக்கிறது.

2018இல், 300க்கும் மேற்பட்ட நிறுவனங்களைக் கொண்ட ஐ.எல். அண்டு எஃப்.எஸ். குழுமம் கடன் தவணை செலுத்த இயலாமல் நிலைகுலைந்தபோது இக்கேள்வி கூர்மையுற்றது. அவ்வாண்டு அக்டோபரில் அமைந்த தேசிய நிதி அறிக்கையிடல் ஆணையம், 2024இல் தரநிலை 600ஐத் திருத்தப் பரிந்துரைத்தது. சிறு தணிக்கையகங்கள் வாய்ப்பிழக்கும் எனப் பட்டயக் கணக்காளர் கழகம் எதிர்த்தது.

முதலீட்டாளர் படிப்பது ஒரே கணக்கு. அதன் பிழைக்கு விடைசொல்பவர் ஒருவரா, பலரா என்பதே வழக்கு.