எலூல் முதல் நாள்: யூத மறைக்கல்விக்கு ஓர் ஆண்டு

யூத நாட்காட்டியில் எலூல், புத்தாண்டுக்கு முந்திய மாதம். நமக்கு அது ஆகஸ்டு, செப்டம்பரில் வரும். அது பிறக்கும் தறுவாயில் நியூயார்க்கிலும் லண்டனிலும் டெல் அவிவ் விமானங்களில் பதினெட்டு வயதுப் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக ஏறுவார்கள். பள்ளிப்படிப்பு முடிந்தது, கல்லூரியில் இடமும் பெரும்பாலோருக்கு உறுதியாகிவிட்டது. இடைப்பட்ட ஓராண்டை மறைநூல் படிப்புக்கென்று ஒதுக்கிப் பிள்ளைகளை இஸ்ரேலுக்கு அனுப்புவது அமெரிக்க வைதீக யூதக் குடும்பங்களில் வேரூன்றிவிட்ட வழக்கம். பையன்கள் சேரும் கல்விக்கூடம் யெஷிவா. பெண்கள் சேர்வது மித்ராஷா அல்லது செமினரி.

முதல் பருவம் எலூல் பிறப்பில் தொடங்கி, யோம் கிப்பூர் என்னும் பாவநிவாரண நோன்பை ஒட்டி முடிகிறது. ஏறத்தாழ நாற்பது நாள். பொற்கன்றுக்குட்டி விவகாரத்தில் உடைந்த கற்பலகைகளுக்குப் பதிலாக வேறு பலகைகள் பெற மோசே சீனாய் மலையில் தங்கிய நாற்பது நாளும் இவையே என்பது மரபு. எலூலில், ஓய்வுநாளும் மாதக் கடைசி நாளும் தவிர, காலைத் தொழுகையில் ஆட்டுக்கடாக் கொம்பு ஊதுவார்கள். வந்து இறங்கியவன் பெட்டியைப் பிரித்து, சாப்பாட்டுக் கூடத்துக்கு வழி தெரிந்துகொண்டு நிமிர்வதற்குள் பருவம் முடிந்து பண்டிகை விடுமுறை வந்துவிடும். ஆனாலும் அந்த ஆண்டு எப்படிப் போகும் என்பதை இந்த நாற்பது நாளே அநேகமாகத் தீர்மானித்துவிடுகிறது என்பது என் எண்ணம்.

பெய்த் மித்ராஷ் என்னும் படிப்புக்கூடத்தில் நூலக அமைதியை எதிர்பார்த்து நுழைபவன் திகைத்துப்போவான். பெரிய யெஷிவாக்களில் நூற்றுக்கணக்கானோர் இருவர் இருவராக உட்கார்ந்து, உரக்கப் படித்து, கையை ஆட்டி வாதாடிக்கொண்டிருப்பார்கள். இந்த இணைக்கு ஹவ்ரூத்தா என்று பெயர். காலை, பிற்பகல், இரவு என மூன்று அமர்வுகள். ஆசிரியர் நடத்தும் பாடமான ஷியூர் அதில் ஒரு பகுதிதான்; அதற்கு முன்பே இருவரும் அந்தப் பக்கத்தோடு மல்லுக்கட்டியிருக்க வேண்டும்.

அந்தப் பக்கம் யூதச் சட்ட விவாதத் தொகுப்பான தல்மூதுடையது. நடுவில் மூலம், ஒருபுறம் பிரெஞ்சு நாட்டு ராஷியின் (1040–1105) உரை, மறுபுறம் அவருக்குப் பின்வந்தோரின் தோசஃபோத் என்னும் உரை. 1520களில் வெனிஸ் நகரில் டேனியல் பாம்பெர்க் அச்சிட்ட பதிப்பு நிலைநிறுத்திய அமைப்பு இது. உரையோடு நூல் படித்துப் பழகிய நமக்கு இதில் வியப்பில்லை. மூலத்தில் உயிர்க்குறிகளும் கிடையாது, நிறுத்தக்குறிகளும் கிடையாது. மொழி பெருமளவு அரமேயம். உரைகளுக்கு எழுத்தே வேறு வடிவம். கேள்வி எங்கே முடிந்து விடை எங்கே தொடங்குகிறது என்பதையே கண்டுபிடித்தாக வேண்டும். யூதப் பள்ளியிலேயே படித்து வந்தவனும் முதல் வாரத்தில் அரைப்பக்கம் தாண்டத் திணறுவான்.

புனித நாட்டுக்கு வந்தவனுக்குத் தொடக்கப் பாடம் கடவுளைப் பற்றி இருக்கும் என்று நாம் நினைப்போம். புதியவர்களுக்கு அடிக்கடி எடுக்கப்படும் பகுதியோ தல்மூதின் பாவா மெத்சியா நூலில் இரண்டாம் அதிகாரம்: தெருவில் கிடந்த பொருள் யாருக்குச் சொந்தம்? சிதறிக் கிடக்கும் பழங்களையும் காசுகளையும் கண்டெடுத்தவன் வைத்துக்கொள்ளலாம். அடையாளம் உள்ள பொருளாயின் ஊரறிய அறிவித்து, உரியவனைத் தேட வேண்டும். உரியவன் ஆசை விட்டுவிட்டான் என்பதே முன்னதற்குக் காரணம். உடனே கேள்வி முளைக்கிறது. பொருள் விழுந்ததே அவனுக்கு இன்னும் தெரியாது. தெரிந்திருந்தால் நிச்சயம் ஆசையை விட்டிருப்பான். அதை இப்போதே விட்டதாகக் கொள்ளலாமா? கொள்ளலாம் என்கிறார் தல்மூது அறிஞர் ராவா. கூடாது என்கிறார் மற்றோர் அறிஞரான அபாயே. சான்றும் மறுப்புமாக வாதம் பக்கம் பக்கமாக ஓடி அபாயேயின் பக்கம் முடிகிறது. இருவரும் மோதும் இடங்களில் தீர்ப்பு பொதுவாக ராவாவுக்கே. விதிவிலக்கான ஆறில் இது ஒன்று. ஒரு மனிதன் மனத்தில் என்ன இருந்தது என்பது சட்டத்தில் எப்போது செல்லும் என்பதைப் பழத்தை வைத்துக் கேட்கிறார்கள். பக்திப் பரவசத்தை நாடி வந்த பையனுக்கு இது ஏமாற்றமாகக்கூட இருக்கலாம். நிலைப்பவன் இந்த ஏமாற்றத்தைத் தாண்டியவன்தான்.

இந்த யெஷிவாப் படிப்பு முறையின் தாய்வீடு இஸ்ரேல் அன்று. இன்றைய பெலாருசிலுள்ள வொலோஷினில், வில்னா காவோன் என்னும் பேரறிஞரின் மாணவர் ரப்பி ஹயீம் 1803 வாக்கில் நிறுவிய யெஷிவாவே பின்வந்தவற்றுக்கு முன்மாதிரி. உள்ளூர்த் தயவில் நில்லாமல் பல ஊர்களில் நிதி திரட்டி நடந்தது அது. படிப்பின் ஒலி இரவும் பகலும் ஓயக்கூடாதென்று முறைவைத்துப் படித்தார்கள். உலகியல் பாடம் குறித்து ரஷ்ய அரசு கொடுத்த நெருக்கடியில் 1892இல் மூடப்பட்டது. (பின்னாளில் எபிரேயத்தின் பெருங்கவியான பியாலிக் இங்கே படித்து, பிறகு சமயப் படிப்பை விட்டு வெளியேறியவர்.) அதே பகுதியைச் சேர்ந்த மீர் யெஷிவா இரண்டாம் உலகப்போரில் வில்னா, ஜப்பானின் கோபே, ஷாங்காய் என்று இடம்பெயர்ந்தே உயிர்பிழைத்தது. அதன் தலைவர் எலியேசர் யெஹூதா ஃபிங்கெல் 1944இல் ஜெருசலேமில் தொடங்கிய கிளையில் இன்று ஆயிரக்கணக்கானோர் படிக்கிறார்கள்.

எல்லாக் கூடங்களும் ஒரே வார்ப்பல்ல. 1968இல் தொடங்கிய ஹர் எத்சியோன் யெஷிவாவின் தலைவர்களுள் ஒருவராக இருந்த ஆரோன் லிக்டென்ஸ்டைன், ஹார்வர்டில் ஆங்கில இலக்கியத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். அது இருக்கும் அலோன் ஷ்வூத் 1967 போரில் இஸ்ரேல் கைப்பற்றிய மேற்குக்கரையில் உள்ளது. அங்கே படிக்கப் போவதில் அரசியலே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. 1972இல் ஜெருசலேமில் தோன்றிய பர்தேஸ் கழகத்தில் ஆண்களும் பெண்களும் சேர்ந்து உட்கார்ந்து படிக்கிறார்கள்.

பெண்கள் கதை தனி. 1917இல் கிராக்கோவில் சாரா ஷெனிரேர் என்ற தையல்காரப் பெண்மணி தொடங்கிய பெய்த் யாக்கோவ் பள்ளியிலிருந்து அது புறப்படுகிறது. ஆனால் தல்மூதையே பெண்கள் கையில் கொடுக்கலாமா என்ற வழக்கு இன்னும் ஓயவில்லை. 1970களில் ஜெருசலேமில் எழுந்த ப்ரூரியா கல்விக்கூடம், கொடுக்கலாம் என்று செய்துகாட்டியது. பல செமினரிகளில் இன்றும் வேதாகமமும் ஒழுக்க நூல்களுமே பாடம்.

படிப்பைப் படிப்புக்காகவே படிக்க வேண்டும் என்பது யெஷிவா உலகின் கொள்கை. நடைமுறையிலோ கட்டணம் சாதாரணமன்று. எல்லாக் குடும்பங்களாலும் தாங்க முடிவதில்லை. நியூயார்க்கின் யெஷிவா பல்கலைக்கழகம் இந்த ஆண்டையே பட்டப்படிப்பின் முதலாண்டாகக் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. பெற்றோரின் கவலை வேறு: பையன் கறுப்புத் தொப்பியோடு திரும்பி, வீட்டுச் சமையலறையின் ஆசாரம் போதாது என்பானோ? இந்த மாற்றத்தை ஆராயவே 2007இல் 'ஃப்ளிப்பிங் அவுட்?' என்று ஒரு நூல் வந்தது. தொப்பியை வைத்து இந்த ஆண்டை அளப்பது எனக்கு உடன்பாடில்லை. திரும்பிய பிறகும் ஒரு பக்கத்தைத் தானே பிரித்துப் படிக்க அவனால் முடிகிறதா என்பதே சரியான அளவுகோல்.

நோன்பு முடிந்த ஐந்தாம் நாள் சுக்கோத் என்னும் கூடாரப் பண்டிகை. அங்கே சட்டம் மாணவன் பக்கமே திரும்புகிறது. பிறை கண்ட செய்தியை ஜெருசலேமிலிருந்து தூதர்கள் கொண்டுபோன காலத்தில், தொலைதூரத்தார் ஐயத்தின்பேரில் ஒன்றுக்கு இரண்டு நாளாகப் பண்டிகை கொண்டாடினார்கள். கணித நாட்காட்டி வந்தபின் ஐயம் போய்விட்டது, வழக்கம் போகவில்லை. இஸ்ரேலில் ஒரு நாள், வெளிநாட்டில் இரண்டு. படிக்க வந்தவனுக்கு எது? திரும்பிப் போகும் எண்ணமுள்ளவனுக்கு இரண்டு நாள் என்பது பெரும்பான்மைக் கருத்து. ஹாகாம் த்ஸ்வி (இறப்பு 1718) என்னும் சட்ட அறிஞர் ஒரு நாளே போதும் என்றார். ஒன்றரை நாள் என்பாரும் உண்டு. ஆக, உள்ளூர்க்காரன் பேருந்தேறி வேலைக்குப் போகும் நாளில், பக்கத்து அறை அமெரிக்கப் பையன் பண்டிகை உடையில் தொழுதுகொண்டிருப்பான். 2023 அக்டோபர் 7 அன்று இஸ்ரேல்மீதான தாக்குதல் நடந்தது, இந்தப் பண்டிகைக் காலத்தின் இறுதி நாளில், இஸ்ரேலியருக்கும் பண்டிகையான நாளில்தான். இரண்டு நாள் மரபினருக்கு மறுநாளும் பண்டிகை. வெளிநாட்டு மாணவர்களில் பலர் சில நாட்களில் ஊர் திரும்பினார்கள், பலர் தங்கினார்கள்.

ஒரு நாளா இரண்டு நாளா என்ற கேள்வியோடு எலூல் முடியும் முன்பே ரப்பியிடம் மாணவர்கள் போகிறார்கள். பழம் தொலைத்தவனின் மனத்தைப் பற்றி வாதாடியவர்களிடம், ஊருக்குத் திரும்பும் எண்ணம் உண்டா என்று அவர் திருப்பிக் கேட்கிறார்.