பரமார்த்த குருவும் பாதிரிமாரும்

கொள்ளிக்கட்டையை ஆற்றில் தோய்த்து, அது சீறியதும் ஆறு விழித்திருக்கிறது என்று அலறி ஓடிய மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் ஆகிய ஐந்து சீடர்களையும் அவர்களுடைய குருவையும் தமிழ்நாட்டில் அறியாதவர் குறைவு. சிறுவர் கதையாகவே அச்சிட்டும் சொல்லியும் பழகிவிட்டதால், அது யாருக்காக எழுதப்பட்டது என்ற கேள்வியே பெரும்பாலும் எழுவதில்லை. வீரமாமுனிவர் என்று நாம் அழைக்கும் இத்தாலியப் பாதிரியார் பெஸ்கி, 1740களில் தாம் தொகுத்த தமிழ் - லத்தீன் அகராதியோடு இந்தக் கதையை லத்தீன் மொழிபெயர்ப்புடன் சேர்த்தே வைத்தார். லத்தீன் தெரிந்து தமிழ் தெரியாதவர்கள் அன்று யார்? கப்பலேறி வந்திறங்கிய ஐரோப்பியப் பாதிரிமார்கள்தாம். ஆகவே பரமார்த்த குரு கதை முதலில் ஒரு மொழிப் பாடநூல். அதிலுள்ள சிரிப்பும் பாடத்துக்கு மேல் தூவிய சர்க்கரை அன்று, சிரிப்புதான் பாடம்.

இப்படியொரு பாடம் தேவைப்பட்டதற்குக் காரணம், தமிழ் கற்க வந்த அயலார் பட்ட பாடுதான். 1578இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சான காலம் முதலே பாதிரிமார் தமிழோடு மல்லுக்கட்டி வந்தார்கள். 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய லுத்தரன் பாதிரியார் சீகன்பால்கு, திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதிப் பழகினார். எழுத்துகூட எப்படியோ வசப்பட்டுவிடும். ஏட்டில் ஒரு தமிழும் வாயில் வேறொரு தமிழும் இருந்ததுதான் பெரிய இடைஞ்சல். புலவரிடம் மட்டும் பாடங்கேட்டவர் சந்தையில் வாய் திறந்தால் கூட்டம் சிரிக்கும். சமையல்காரரிடம் கற்றதை மட்டும் வைத்துக்கொண்டு வேதத்தை எழுதினால் படித்தவர்கள் சிரிப்பார்கள். பெஸ்கியே அந்தச் சிரிப்பில் பங்கெடுத்தவர்தான். ‘வேத விளக்கம்’ என்ற நூலில் தரங்கம்பாடிக்காரர்களின் தமிழை அவர் எள்ளி நகையாடினார். ஆனாலும், கொடுந்தமிழ் எனப்பட்ட பேச்சு வழக்குக்கு அவர் லத்தீனில் எழுதிய இலக்கணத்தை 1738இல் அச்சிட்டதும் அதே தரங்கம்பாடி அச்சகந்தான். சமயத்தில் எதிரிகளானாலும், தமிழ்முன் இரு தரப்பாரும் ஒரே திண்ணையில் உட்கார வேண்டியிருந்தது.

சிரிப்புதான் பாடம் என்பதற்குக் கதைக்குள்ளேயே சான்று இருக்கிறது. குதிரைமேல் போகும் குருவின் தலைப்பாகை கிளையில் சிக்கிக் கீழே விழுகிறது. சீடர்கள் எடுத்திருப்பார்கள் என்று அவர் வாளாவிருக்க, எடுக்கச் சொல்லவில்லையே என்று அவர்கள் நடந்துகொண்டிருக்கிறார்கள். இனிமேல் விழுவதையெல்லாம் எடுக்க வேண்டும் என்று அவர் கட்டளையிட்டதும், குதிரை போட்ட சாணத்தைப் பயபக்தியோடு ஏந்திக் கொண்டு வருகிறார்கள். குரு பதறிப்போய், எடுக்க வேண்டியவை எவை என்று ஓலையில் பட்டியல் எழுதிக் கொடுக்கிறார். பிறகு அவரே குதிரையிலிருந்து குழியில் விழுகிறார். சீடர்கள் ஓலையைப் படித்து, அதில் கண்டபடி ஒவ்வொரு துணியாகக் கழற்றி எடுத்துக்கொண்டு, அவரை மட்டும் அம்மணமாக விட்டுவிடுகிறார்கள். பட்டியலில் குருவின் பெயர் இல்லை. தம்மையும் எடுக்க வேண்டும் என்று அவர் எழுதிக் கொடுத்த பிறகே தூக்கிவிடுகிறார்கள். சீடர்களுக்குச் சொல் ஒவ்வொன்றும் தெரியும்; சொன்னவர் என்ன நினைத்துச் சொன்னார் என்பது மட்டும் தெரியாது. அகராதியைக் கையில் வைத்துக்கொண்டு பேசத் தொடங்கும் எந்த அயலானுக்கும் வரும் நோய் இதுவே. இதைப் படித்துச் சிரிக்க முடிந்த பாதிரியாருக்கு அந்த நோய் கொஞ்சமாவது தெளிந்துவிட்டது என்று கொள்ளலாம்.

இது மொழிப் பாடநூல் என்பதை மறுப்பவர்கள் இரண்டு காரணங்கள் சொல்வார்கள். ஒன்று, மடத்துக் குருமாரையும் அவர்களை நம்பியவர்களையும் கேலி செய்யவே கிறிஸ்தவப் பாதிரியார் இதை எழுதினார் என்பது. அந்த உள்நோக்கம் அறவே இல்லை என்று சாதிக்க முடியாது. மதம் மாற்ற வந்தவர் அவர். ஆனால் உள்ளூராரை இழிவுபடுத்துவது மட்டுமே நோக்கம் என்றால், உள்ளூரார் கையில் பரவும்படியல்லவா எழுதியிருக்க வேண்டும்? லத்தீனோடு ஓர் அகராதிக்குள் வைத்துப் பூட்டியிருக்க வேண்டியதில்லை. அயலாரைக் குறிக்கும் மிலேச்சன் என்ற பெயரையும் ஐந்து முட்டாள்களில் ஒருவனுக்குச் சூட்டியிருக்க மாட்டார். இரண்டாவது மறுப்பு, தன்னை விட்டுவிட்டு மற்றவரை எண்ணும் முட்டாள், குதிரை முட்டை போன்ற கதைகள் ஐரோப்பாவிலும் வழங்கின, ஆகவே இதில் தமிழுக்கென்று எதுவும் இல்லை என்பது. உண்மையில் இது வாதத்துக்கு வலுவே சேர்க்கிறது. கதையின் போக்கு முன்பே தெரிந்திருந்தால், படிப்பவரின் கவனம் முழுவதும் மொழியின் மேல் நிற்கும். புதுக் கதையையும் புது மொழியையும் ஒரே நேரத்தில் சுமக்க வைக்காத வாத்தியார் கெட்டிக்காரர்.

அவர் இறந்து முக்கால் நூற்றாண்டுக்குப் பின்னும் அந்தக் கெட்டிக்காரத்தனம் பயன்பட்டது. கிழக்கிந்தியக் கும்பினியின் இளம் அதிகாரிகளுக்கு நாட்டு மொழிகளைக் கற்பிக்க 1812இல் சென்னையில் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி தொடங்கியது. 1822இல் பாபிங்டன் என்ற ஆங்கிலேயர் பரமார்த்த குரு கதையைத் தமிழ் மூலத்தோடும் ஆங்கில மொழிபெயர்ப்போடும் லண்டனில் பதிப்பித்தார். சொற்பட்டியலையும், முதல் கதையைச் சொல் சொல்லாகப் பிரித்துக் காட்டும் விளக்கத்தையும் உடன் சேர்த்தார். பாடநூல் பாடநூலாகவே நீடித்தது. படிப்பவரின் இடந்தான் மாறியது. பெஸ்கியின் வாசகர் ஊராரிடம் பேச்சு வாங்கிக்கொண்டே கற்க வேண்டியவர். கும்பினி அதிகாரியோ ஊரை ஆளவிருந்தவர். முன்னவர் சீடர்களின் தடுமாற்றத்தில் தம்மையே கண்டிருக்கலாம். பின்னவருக்கு அதே சீடர்களைத் தமிழர்களாகப் பார்ப்பது எளிது. அந்நிய மொழி கற்பதில் எழும் சிரிப்பு நல்லதா கெட்டதா என்று பொதுவில் தீர்ப்புச் சொல்ல முடியாதது இதனால்தான். கற்பவன் தன்னையும் சேர்த்துச் சிரிக்கும்வரை அது படிப்பு. தன்னைத் தவிர்த்து மற்றவரை மட்டும் முட்டாளாக எண்ணத் தொடங்கினால், அவன் ஆற்றைக் கடந்து கரையேறியதும் தன்னை எண்ணாமல் விட்ட சீடனைப்போல ஓர் ஆளைக் குறைத்தே எண்ணுகிறான்.