ஒரே சுற்று ஜாக்

1927. பிரிட்டிஷ் தியேட்டர்களை ஹாலிவுட் படங்கள் ஆக்கிரமித்திருந்த காலம். உள்நாட்டுப் படங்களுக்குக் கட்டாயப் பங்கு ஒதுக்கும் சட்டம் அந்த ஆண்டுதான் நிறைவேறியது. சட்டம் வரப்போகிறது என்று மோப்பம் பிடித்த ஜான் மேக்ஸ்வெல், லண்டனை அடுத்த எல்ஸ்ட்ரீயில் பிரிட்டிஷ் இன்டர்நேஷனல் பிக்சர்ஸைத் தொடங்கி, கெய்ன்ஸ்பரோ கம்பெனியிலிருந்து ஓர் இளம் இயக்குநரை இழுத்து வந்தார். பெயர் ஆல்ஃபிரட் ஹிட்ச்காக். புது இடத்தில் அவர் எடுத்த முதல் படம் குத்துச்சண்டைக் கதையான ‘தி ரிங்’.

பொருட்காட்சிக் கூடாரத்தில் சண்டை போட்டுப் பிழைப்பவன் ஜாக். எதிரே யார் வந்தாலும் முதல் சுற்றிலேயே சாய்த்துவிடுவதால் ‘ஒரே சுற்று ஜாக்’ என்று பெயர். ஒருநாள் கூட்டத்திலிருந்து ஒருவன் மேடை ஏறுகிறான். அவன் ஆஸ்திரேலிய சாம்பியன் பாப் கார்பி என்பது அங்கே யாருக்கும் தெரியாது. சுற்று எண்ணைக் காட்டும் ‘1’ அட்டை கைபட்டுக் கைபட்டு அழுக்கேறிக் கிடக்கிறது. அதை எடுத்துவிட்டு ‘2’ அட்டையை மாட்டுகிறார்கள். புத்தம் புதிது! ஜாக் இதுவரை யாரையும் இரண்டாம் சுற்றுவரை விட்டதில்லை என்பதைச் சொல்ல, இந்த மௌனப் படத்துக்கு வசன அட்டையே தேவைப்படவில்லை.

சண்டையில் வென்ற பரிசுப் பணத்தில் பாப் ஒரு பாம்பு வடிவக் கைவளையம் வாங்கி, கூடாரத்தில் டிக்கெட் கொடுக்கும் மேபலுக்குத் தருகிறான். அவளோ ஜாக்கின் காதலி. திருமணத்தில் ஜாக் மோதிரம் போடும்போது அந்தப் பாம்பு மணிக்கட்டுக்குச் சரிந்து இறங்குகிறது. பிறகு ஜாக் படிப்படியாக முன்னேறுகிறான். பருவங்கள் மாற மாற, சுவரொட்டியில் அவன் பெயர் மேலே ஏறுகிறது. வெற்றி விருந்தில் ஊற்றிய ஷாம்பெயின், மனைவி வராமலே நுரை அடங்கிப் போகிறது. முக்கோணக் காதல் பழைய சரக்குதான். சொன்ன விதம்தான் புதிது.

குறையும் உண்டு. பொருட்காட்சியில் கறுப்பின மனிதர்மேல் முட்டை எறிந்து சிரிக்கும் காட்சியை இன்று கூச்சமில்லாமல் பார்க்க முடியாது.

ஜாக்காக நடித்த டென்மார்க்காரர் கார்ல் பிரிசன் நிஜத்திலும் குத்துச்சண்டை போட்டவர். இறுதிச் சண்டை நடப்பது லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில். அவ்வளவு பெரிய கூட்டத்துக்குச் செலவழிக்கப் பணம் ஏது? படமாக்கிய அரங்கத்தையும் உயிருள்ள நடிகர்களையும் கண்ணாடி வழியே ஒட்டவைக்கும் ஷுஃப்டான் உத்தியில் சமாளித்தார்கள். ‘மெட்ரோபோலிஸ்’ படத்திலும் பயன்பட்ட ஜெர்மானிய உத்தி அது.

ஒரு காட்சித் தொகுப்புக்கு முதல் நாளே அரங்கம் கைதட்டியதாக ஹிட்ச்காக் பின்னாளில் பிரெஞ்சு இயக்குநர் ட்ரூஃபோவிடம் சொன்னார். விமர்சகர்கள் பாராட்டியும் வசூல் சுமார்தான். 2012இல் பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிடியூட் படத்தைச் செப்பனிட்டு வெளியிட்டது. ஐம்பதுக்கும் மேற்பட்ட படங்கள் எடுத்த ஹிட்ச்காக், கதைக்குத் தன் பெயரை மட்டும் போட்டுக்கொண்டது இந்த ஒரு படத்தில்தான்.