மிகையும் குறையும்

மேலாண்மைக் கல்விக்கான நுழைவுத் தேர்வுகளில் விசித்திரமான வினாவகை ஒன்றுண்டு. அது விடையைக் கேட்பதில்லை. கொடுக்கப்பட்ட தரவு விடை காணப் போதுமா என்று மட்டுமே கேட்கும். ஓர் எண்ணின் வர்க்கத்தோடு அவ்வெண்ணின் பத்து மடங்கைக் கூட்டினால் 39 வருகிறது. அவ்வெண் யாது எனக் கூறப் போதுமா? 3 என்று கண்டவுடன் 'போதும்' என்பவர் தவறுகிறார். குறை 13-உம் பொருந்தும். எண் மிகையா, குறையா என்று சொல்லப்படாதவரை தரவு போதாது.

கலீஃபா மஃமூனின் ஆட்சிக்காலத்தில் (813–833) அல்குவாரிஸ்மி இயற்றிய அல்ஜப்ர் நூலில் இதே கணக்கு உள்ளது. அவர் தந்த விடை 3 மட்டுமே. அந்த மேதை தவறினாரா? இல்லை என்பதே நம் கருத்து. வாரிசுரிமை, மரணசாசனம், வணிகம், நில அளவை ஆகிய தேவைகளுக்காகவே அவர் அந்நூலை எழுதினார். தம் முறையைச் சதுரம் வரைந்தே நிறுவினார். சதுரத்திற்குக் குறை நீளமுள்ள பக்கம் ஏது? மிகை எண் என்னும் நிபந்தனை அங்கே சொல்லாமலே நின்றது.

தரவு ஒரே விடையைத் தராமல் போகலாம் என்பதையும் அவர் நன்கறிவார். வர்க்கத்தோடு 21-ஐக் கூட்டினால் எண்ணின் பத்து மடங்குக்குச் சமம் என்ற கணக்கிற்கு 3, 7 ஆகிய இரண்டையும் விடையாகக் காட்டுகிறார். இவ்வகையில், மடங்கின் பாதியை வர்க்கித்தால் கிடைப்பது கூட்டிய எண்ணைவிடச் சிறிதாயின் கணக்கே நடவாது என்றும் தெளிவுபடுத்துகிறார்.

குறை எண்ணும் நம்மவர் கண்டுபிடிப்பே என்று மேடைகளில் முழங்குவோர் உண்டு. அது சரியன்று. 628-லேயே பிரம்மகுப்தர் அவற்றைக் கடன் என்றும், மிகை எண்களைச் செல்வம் என்றும் பெயரிட்டு விதிகள் வகுத்துவிட்டார். இந்திய இலக்கங்களை விளக்கி நூல் எழுதிய அல்குவாரிஸ்மி இக்கருத்தை எடுத்துக்கொள்ளவில்லை. பத்தாம் நூற்றாண்டில் அபுல் வஃபா, எழுத்தர்களுக்கும் வணிகர்களுக்கும் எழுதிய நூலில், 3-இலிருந்து 5-ஐக் கழித்தால் 2 கடன் என்றார். அதைப் பதினால் பெருக்கி 20 கடனாக்கி, 35-உடன் சேர்த்து 15 என்று முடித்தார்.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் அஸ்ஸமவ்அல், தம் பத்தொன்பதாம் வயதில் எழுதியதாகக் கூறப்படும் அல்பாஹிர் நூலில், கடன் என்னும் துணையின்றியே விதிகளை நிறுத்தினார்: வெற்றிடத்திலிருந்து மிகையைக் கழித்தால் அதே அளவு குறை, குறையைக் கழித்தால் அதே அளவு மிகை. அவருடைய சொற்கள் ஸாயித், நாகிஸ். நம் பள்ளிப் பாடநூல்களின் 'மிகை', 'குறை' அவற்றுக்கு நேர்ப்பொருள் தருவது இனிய ஒற்றுமை.

ஆயினும் குறை விடைக்கு எளிதில் இடம் கிடைக்கவில்லை. 1637-இல் வெளியான தம் வடிவியல் நூலில் தெகார்த் அதனைப் 'பொய் மூலம்' என்றே அழைத்தார்.