நான்கு நாட்களுக்கு முந்திய இரண்டு ஆண்டுகள்



ஜூபிலி மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை வேண்டும் என்று மலர்க் குழுவினர் கேட்டனர். நம் பங்கு தோன்றி வளர்ந்த கதையை என்னைவிட நன்கறிந்த பெரியவர்கள் இம்மலரில் எழுதியுள்ளார்கள். ஆகவே நான் வேறொரு வரலாற்றை எழுத முனைகிறேன். அது கடல் கடந்த நாட்டில் நடந்தது. ஆனால் அந்நாட்டின் குரல் நம் வீட்டுத் திண்ணைகளில் நெடுங்காலம் ஒலித்ததுதான்.

ஐம்பது வயதைக் கடந்தவர்களுக்கு வேரித்தாஸ் வானொலியை நான் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. சிற்றலையில் முள்ளை மயிரிழை அளவாகத் திருப்பித் திருப்பி, இரைச்சலுக்கு நடுவே அந்தத் தமிழ் ஒலிபரப்பைப் பிடித்து மகிழ்ந்தவர்கள் நாம். 2018-ஆம் ஆண்டில் சிற்றலை ஒலிபரப்பு நின்றபோது, குடும்பத்தில் ஒருவரை இழந்தாற்போல் வருந்தியவர்களை நான் அறிவேன். அந்த ஒலிபரப்பு வந்தது பிலிப்பைன்ஸ் நாட்டின் மணிலாவிலிருந்து. அங்கே அதே பெயரில் உள்நாட்டு வானொலியும் ஒன்று இருந்தது. 1986 பிப்ரவரி 23 அதிகாலையில் சர்வாதிகாரியின் ஆட்கள் அதன் ஒலிபரப்புக் கருவிகளை உடைத்து நொறுக்கினார்கள். ஏன் என்பதைச் சொல்லவே இக்கட்டுரை.

பெர்டினாண்டு மார்க்கோஸ் 1965-இல் மக்கள் வாக்கினால் குடியரசுத் தலைவரானவர். 1972-இல் இராணுவச் சட்டத்தைப் பிறப்பித்தார். பதவியை விட்டிறங்க மறுத்தார். சிறைகள் நிரம்பின. கரும்புத் தோட்டங்களில் உழைத்தவர்கள் வயிறு காய்ந்தது. மக்களில் பெரும்பாலோர் கத்தோலிக்கராயிருந்த அந்நாட்டில், நற்கருணை ஏந்திய கைகளில் துப்பாக்கி ஏந்திக் கொரில்லாப் படையில் சேர்ந்த குருக்களும் உண்டு. அவர்களைத் தீர்ப்பிட எனக்கு மனம் வரவில்லை. வேறு வழி இருப்பதாக அவர்களுக்கு யாரும் காட்டவில்லை என்பதே என் எண்ணம். 1983 ஆகஸ்டு 21 அன்று, எதிர்க்கட்சித் தலைவர் பெனிக்னோ அக்கினோ வெளிநாட்டிலிருந்து திரும்பி விமானத்தை விட்டு இறங்கிய அந்த இடத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். நாடு கொதித்தெழுந்தது.

இந்த வேளையில்தான், 1984 பிப்ரவரியில், ஒரு தம்பதியர் மணிலா வந்தனர். கணவர் ழான் கோஸ், பிரான்சு நாட்டு இரயில்வே தொழிலாளி. இரண்டாம் உலகப் போரில் போரிட்டுச் சிறைப்பட்டவர். மனைவி ஹில்டகார்டு, வியன்னா நகரத்தவர். 1942-இல் இட்லர் அந்நகருக்கு வந்தபோது பள்ளிப் பிள்ளைகள் அனைவரும் வீதியில் நின்று கையுயர்த்தி வணங்கினர். பன்னிரண்டு வயதுச் சிறுமியான ஹில்டகார்டு மட்டும் கையை உயர்த்தவில்லை. இருவரும் கத்தோலிக்கர், நற்செய்தியின் அகிம்சையை ஊர் ஊராகக் கற்பிப்பதையே வாழ்க்கையாகக் கொண்டவர்கள். பிலிப்பைன்சுக்கு அவர்களை அழைத்தவர்கள் இயேசுவின் சிறிய சகோதரிகள் என்னும் துறவியர்.

கொலையுண்டவரின் தம்பி அகாப்பிட்டோ அக்கினோ இவர்களைச் சந்தித்தார். ஆயுத வியாபாரிகள் தம்மைத் தேடி வந்து போனதை மறைக்காமல் சொல்லி, என்ன செய்யலாம் என்று கேட்டார். தீர்மானம் உங்களுடையது என்றனர் தம்பதியர். ஆயுதப் போருக்கு எவ்வளவு ஆயத்தம் தேவையோ, அகிம்சைப் போருக்கும் அவ்வளவு ஆயத்தம் தேவை. ஆயத்தமில்லாமல் அதில் இறங்கலாகாது என்றும் கூறினர். இரவெல்லாம் யோசித்த அவர், பயிற்சி வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்.

அவ்வாண்டின் நடுப்பகுதியில் பயிற்சிகள் தொடங்கின. ஜூலையில் சேசு சபைக் குரு ஹோசே பிளாங்கோ அடிகளாரின் தலைமையில் அக்காப்கா என்ற அமைப்பு உருவாயிற்று. அமைதிக்கும் நீதிக்குமான செயல் என்னும் பொருளுடைய சொற்களின் சுருக்கம் அது. அவர்கள் மொழியில் அதற்கே 'உன்னை அரவணைக்கிறேன்' என்ற பொருளும் தொனிக்குமாம். ஓராண்டுக்குள் முப்பது மாகாணங்களில் நாற்பது பயிற்சிகள் நடந்தன. ஒவ்வொன்றும் மூன்று நாள். வந்தவர்கள் மாணவர், உழவர், தொழிலாளர், அருட்சகோதரியர், குருக்கள். ஆயர்களுக்கென்றே ஒன்று நடந்தது. மலைவாழ் மக்களிடமிருந்து வந்த ஆயர் பிரான்சிஸ்கோ கிளாவர் அதற்குத் துணைநின்றார்.

அப்பயிற்சியில் என்னை மிகவும் ஈர்த்தது ஒரு படம். கரும்பலகையில் ஒரு முக்கோணத்தைத் தலைகீழாக வரைவார்கள். அதுதான் அநீதி. கூர்முனையில் நிற்பதால் அது தானாக நிற்க முடியாது. விழாமல் தாங்கத் தூண்கள் வேண்டும். அந்தத் தூண்கள் யாவை என்று கேட்பார்கள். முதலில் இராணுவம், பணக்காரர், அந்நிய நாடு என்று பதில் வரும். பிறகு மெல்ல மெல்ல, பயம், வாக்குக்கு வாங்கிய பணம், கோவிலில் காத்த மௌனம் என்று வரும். கடைசியில் ஒவ்வொருவரும் தம் பெயரையே ஒரு தூணின்மேல் எழுத வேண்டியிருக்கும். மார்க்கோஸ் அரண்மனையில் மட்டும் இல்லை, நம் உள்ளத்திலும் ஒரு சிறு சர்வாதிகாரி இருக்கிறான், அவனை முதலில் இறக்க வேண்டும் என்பது ஹில்டகார்டின் போதனை. அதன்பின் ஒத்திகை. ஒருவர் சிப்பாயாக நிற்பார். மற்றவர் அடி வாங்கியும் திருப்பி அடியாமல் பேசப் பழகுவார்.

இங்கே என் சொந்தக் கதை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். முன்பு நான் பணியாற்றிய ஒரு பங்கில் திருவிழாத் தேர் ஒரு தெருவுக்குள் மட்டும் நுழையாது. கேட்டால் வழி குறுகல் என்பார்கள். காரணம் வேறு என்பது எல்லோருக்கும் தெரியும். ஆண்டுதோறும் கொடியேற்றத்தன்று அதைக் கண்டித்து இடிமுழக்கமாகப் பிரசங்கம் செய்தேன். ஒன்றும் நடக்கவில்லை. ஒருமுறை அன்பியப் பொறுப்பாளர் கூட்டத்தில் இந்தத் தலைகீழ் முக்கோணத்தை வரைந்து, தூண்களைச் சொல்லுங்கள் என்றேன். தேர்க் கமிட்டி என்றார்கள், நன்கொடையாளர் என்றார்கள். பின்வரிசையில் இருந்த ஒரு மூதாட்டி எழுந்து, "சாமி, தேரை மந்திரிக்கிறது யாரு?" என்று கேட்டார். எனக்கு வாயடைத்துப் போயிற்று. அடுத்த ஆண்டு தேரை மந்திரிக்க மறுத்தேன். தேர் நின்றது. வசைகள் வந்தன, மொட்டைக் கடிதங்களும் வந்தன. இரண்டு ஆண்டுகள் வீடு வீடாக அன்பியங்கள் பேசின. மூன்றாம் ஆண்டு தேர் அத்தெருவில் போயிற்று. குறுகல் என்ற அந்த வழியில் இருபுறமும் ஒரு முழம் இடம் மிச்சம் இருந்தது.

மணிலாவுக்குத் திரும்புவோம். மார்க்கோஸ் திடீரென்று 1986 பிப்ரவரி 7-இல் தேர்தல் அறிவித்தார். கொலையுண்டவரின் மனைவி கொராசோன் அக்கினோ எதிர்த்து நின்றார். அக்காப்காவினர் நெரிசலான இடங்களில் செபக் கூடாரங்கள் அமைத்து, இரவும் பகலும் நோன்பிருந்து செபித்தனர். வாக்குப்பெட்டிகளைக் காக்க, நம்ஃபிரல் என்ற மக்கள் அமைப்பில் ஏறத்தாழ ஐந்து இலட்சம் தொண்டர்கள் திரண்டனர். ஆயுதம் தாங்கிய அடியாட்கள் வந்தபோது, கைகோத்துப் பெட்டிகளைச் சுற்றி நின்றவர்களில் அருட்சகோதரியரும் இருந்தனர். பிப்ரவரி 9 இரவு, அரசின் வாக்கு எண்ணும் மையத்தில் கணிப்பொறியில் பணிபுரிந்த சுமார் முப்பது பேர், எண்கள் மாற்றப்படுவதைக் கண்டு எழுந்து வெளிநடப்புச் செய்தனர். அவர்களில் பெரும்பாலோர் இளம்பெண்கள். அவர்கள் அடைக்கலம் புகுந்தது பக்லாரனில் உள்ள இடைவிடா சகாய மாதா ஆலயத்தில். ஒரு தூண் சரிந்தது என்று இதைச் சொல்லலாம். சில நாட்களில் ஆயர் பேரவை, மோசடியால் பெற்ற ஆட்சிக்கு அறநெறி அடிப்படை இல்லை என்று அறிக்கை விடுத்து, அகிம்சை வழியில் எதிர்க்குமாறு மக்களை அழைத்தது.

பிப்ரவரி 22 சனிக்கிழமை, பாதுகாப்பு அமைச்சர் என்ரிலேயும் தளபதி ராமோசும் கலகம் செய்து, எட்சா என்னும் நெடுஞ்சாலையோரப் பாசறைக்குள் சில நூறு வீரருடன் அடைந்துகொண்டனர். அன்றிரவு கர்தினால் ஹைமே சின் ஆண்டகை முதலில் செய்தது, அடைபட்ட மடங்களின் கன்னியரைத் தொலைபேசியில் அழைத்து, நோன்பிருந்து கைவிரித்துச் செபிக்கச் சொன்னதே. பின்பு வேரித்தாஸ் வானொலியில் மக்களை வீதிக்கு அழைத்தார். அதனால்தான் மறுநாள் அதிகாலையில் அந்தக் கருவிகள் உடைக்கப்பட்டன. ஒலிபரப்போ வேறிடத்திலிருந்து தொடர்ந்தது. இலட்சக்கணக்கானோர் திரண்டனர். பீரங்கி வண்டிகள் வந்தபோது, செபமாலையுடன் முழந்தாளிட்டனர் சகோதரியர். வீரர்களுக்குப் பூவும் உணவும் நீட்டினர் மக்கள். வண்டிகள் நின்றன. 25-ஆம் நாள் இரவு மார்க்கோஸ் நாட்டைவிட்டு ஓடினார்.

உலகம் இந்த நான்கு நாட்களைப் புதுமை என்றது. நானும் குருமடத்தில் அப்படித்தான் எண்ணியிருந்தேன். வீதிக்கு வந்த எல்லோரும் பயிற்சி பெற்றவர்கள் அல்லர், அது உண்மை. ஆனால் கூட்டம் கல்லெடுக்காமல் இருந்ததற்குக் காரணம், எப்படி நிற்பது என்று முன்பே பழகிய சிலர் அங்கங்கே இருந்ததுதான் என்று நம்புகிறேன்.

இதன் பின்கதையையும் மறைக்கலாகாது. ஓராண்டும் ஆகவில்லை, 1987 ஜனவரி 22 அன்று, நிலம் கேட்டு ஊர்வலம் வந்த உழவர்களில் பதின்மூன்று பேர் மணிலாவின் மெந்தியோலா பாலத்தருகே சுட்டுக் கொல்லப்பட்டனர். ஆட்சி அப்போது கொராசோன் அக்கினோவுடையது. 2022-இல் மார்க்கோசின் மகனே வாக்குகள் பெற்றுக் குடியரசுத் தலைவரானார். அப்படியானால் என்ன பயன் சாமி என்று இளைஞர்கள் என்னைக் கேட்கிறார்கள். அரண்மனையின் தூண்கள் சாய்ந்தன, நிலக்கிழார்களின் தூண்களுக்கு யாரும் படம் வரையவில்லை என்பதே நான் சொல்லும் விடை. ழான் கோஸ் 1991-இல் காலமானார். ஹில்டகார்டு அதன் பிறகும் ஆப்பிரிக்க நாடுகளுக்குச் சென்று, கரும்பலகையில் அந்த முக்கோணத்தை வரைந்துகொண்டிருந்தார்.